ஆய்வு நூலை எந்தப் பதிப்பகத்திடம் கொடுப்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

முனைவர் பட்ட ஆய்வேட்டை நூலாக்க முனைபவர்களும், பல ஆண்டு ஆய்வை ஒரே நூலில் திரட்ட நினைப்பவர்களும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கையெழுத்துப் படியை எந்தப் பதிப்பகத்திடம் கொடுப்பது? பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதா, முன்மொழிவைப் பார்த்தே ஒப்பந்தம் தரும் வணிகக் கல்விப் பதிப்பகத்தை ஏற்றுக்கொள்வதா, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி திறந்த அணுக்கத்தில் வெளியிடுவதா என்று தடுமாறுகிறார்கள். இதற்கிடையில், ஆய்வேடு பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏறிய கொஞ்ச நாளிலேயே, அதை நூலாக வெளியிட விரும்புவதாகச் சொல்லும் முன்பின் அறியாத மின்னஞ்சலும் வந்து சேர்கிறது.

இந்நான்கையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நூலின் முதுகில் இருக்கும் முத்திரைக்கு நாம் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட ஒப்பந்தத்தின் விதிகளுக்கும், நம் துறையில் அப்பதிப்பகம் அண்மையில் வெளியிட்ட நூல்களுக்கும் கொடுப்பதில்லை. தவறான தேர்வுகள் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றன.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் மதிப்பீடு. கையெழுத்துப் படியைப் படிப்பவர்கள் யார், முன்மொழிவையும் ஓரிரு இயல்களையும் மட்டும் படிக்கிறார்களா, முழு நூலையும் படிக்கிறார்களா, வெளியிடுவதா வேண்டாமா என்ற இறுதி முடிவு யாருடையது என்பவை இதில் அடங்கும். இரண்டாவது, நூல் யாருடைய கைக்குப் போய்ச் சேரும் என்பது. விலை, அட்டை வடிவம், மின்னூல், நூலகங்களின் கொள்முதல் எல்லாம் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. மூன்றாவது, ஆசிரியர் கொடுப்பது. பணத்தோடு உரிமைகளையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். நான்காவது காலம். ஐந்தாவது, நூல் வெளியான பிறகு பதிப்பகம் அதைப் பேணும் விதம்: இதழ்களுக்கு மதிப்புரைப் படிகள் அனுப்புவது, நூலகப் பட்டியல்களில் விவரங்களைச் சரியாக ஏற்றுவது, சாதா அட்டைப் பதிப்பைக் கொண்டுவருவது போன்றவை.

ராயல்டியை இந்த வரிசையில் சேர்க்காதது வேண்டுமென்றே செய்ததுதான். ஆய்வு நூல்களில் பெரும்பாலானவை சில நூறு படிகள் மட்டுமே விற்கும். நிகர வருவாயில் ஒற்றை இலக்க விழுக்காடு என்பதே வழக்கமாக இருக்க, முதல் சில நூறு படிகளுக்கு எதுவும் இல்லை என்று எழுதும் ஒப்பந்தங்களும் உண்டு. இரண்டு பதிப்பகங்களுக்கு இடையே முடிவெடுக்கும்போது ராயல்டி விழுக்காட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்பவர், அதைவிடப் பெரிய தொகையைச் சொல்லடைவு (நூலின் இறுதியில் பக்க எண்களோடு வரும் சொற்பட்டியல்) தயாரிப்பிலும் படங்களுக்கான அனுமதிக் கட்டணத்திலும் இழந்துகொண்டிருப்பதைக் கவனிக்க மாட்டார்.

| அளவுகோல் | பல்கலைக்கழகப் பதிப்பகம் | வணிகக் கல்விப் பதிப்பகம் | திறந்த அணுக்கப் பதிப்பகம் | தேடி வரும் அழைப்பு |
|---|---|---|---|---|
| மதிப்பீடு | முழுப்படிக்கு வெளி மதிப்பீட்டாளர்கள், பிறகு கல்வியாளர் குழு | பெரும்பாலும் முன்மொழிவுக்கும் மாதிரி இயல்களுக்கும் | பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். நல்லவை முழுப்படியையும் மதிப்பிடும் | இல்லை |
| வாசகர் அணுகல் | நடுத்தர விலை. சாதா அட்டைக்கு வாய்ப்பு | நூலகங்களை நோக்கிய உயர் விலை | இணையத்தில் எவருக்கும் இலவசம் | பட்டியலில் இருக்கும். வாங்குவோர் அரிது |
| ஆசிரியர் தருவது | காலம், சில வேளை மானியம் | உரிமைகள் பெருமளவில் | சிலவற்றில் பெருந்தொகை, சிலவற்றில் எதுவுமில்லை | நூலின் எதிர்காலம் |
| காலம் | நீண்டது | குறுகியது | நடுத்தரம் | மிகக் குறுகியது |

அட்டவணை முதல் நான்கு அளவுகோல்களின் பொதுப்போக்கை மட்டுமே காட்டும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் விதிவிலக்குகள் நிறைந்திருப்பதால் தனித்தனியே பார்ப்பது அவசியம்.

## பல்கலைக்கழகப் பதிப்பகம்

ஆக்ஸ்ஃபோர்டில் முதல் நூல் அச்சானது 1478-இல். கேம்பிரிட்ஜ் 1534-இல் அரசரின் உரிமப் பத்திரம் பெற்று 1584 முதல் நூல்களை வெளியிட்டு வருகிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1878-இல் தொடங்கியது. இந்தப் பழமையைவிட முக்கியமானது இவ்வகைப் பதிப்பகங்களுக்குப் பொதுவான ஓர் அமைப்பு: பதிப்பாசிரியர் விரும்பினாலும் அவர் தனியே முடிவெடுக்க முடியாது. வெளி மதிப்பீட்டாளர்கள், வழக்கமாக இருவர், கையெழுத்துப் படியைப் படித்து அறிக்கை தருவார்கள். அவ்வறிக்கைகளுக்கு ஆசிரியர் எழுத்தில் பதில் தர வேண்டும். அறிக்கையும் பதிலும் பல்கலைக்கழக ஆசிரியர்களைக் கொண்ட குழுவின் முன் வைக்கப்படும். இப்பொறுப்பை ஆக்ஸ்ஃபோர்டில் டெலிகேட்டுகள் என்ற குழுவும், கேம்பிரிட்ஜில் சிண்டிகேட் என்ற குழுவும் வகிக்கின்றன. பணி நியமனக் குழுக்களும் பதவி உயர்வுக் குழுக்களும் இம்முத்திரைக்குக் கூடுதல் மதிப்புத் தருவதற்கு இதுவே காரணம்.

இவ்வழியின் முதல் மறைமுகச் செலவு காலம். முதல் முன்மொழிவிலிருந்து அச்சான நூல் கைக்கு வருவது வரை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஆவது இயல்பு. மதிப்பீட்டாளர் ஒருவர் தாமதித்தாலோ, இரு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு மூன்றாமவரிடம் அனுப்ப நேர்ந்தாலோ அது மேலும் நீளும். இரண்டாண்டு ஒப்பந்தப் பணியில் இருக்கும் இளம் ஆய்வாளருக்கு இந்தக் காத்திருப்பே பெரிய இழப்பாகக்கூடும்.

இரண்டாவது செலவு பணத்தோடு தொடர்புடையது. அமெரிக்காவின் 20 பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் 382 நூல்களை ஆராய்ந்து இத்தாக்கா எஸ் அண்ட் ஆர் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, ஓர் ஆய்வு நூலை உருவாக்க ஆகும் செலவு ஏறத்தாழ 15,000 டாலரிலிருந்து 1,30,000 டாலர் வரை இருப்பதாகக் காட்டியது. சில நூறு படிகளின் விற்பனையில் இத்தொகை திரும்ப வராது என்பது எளிய கணக்கு. ஆகவே, படங்கள் மிகுந்த நூலுக்கும் மிக நீண்ட நூலுக்கும் ஆசிரியரின் நிறுவனத்திடமிருந்து மானியம் கிடைக்குமா என்று பல பதிப்பகங்கள் கேட்கின்றன. இதைக் கண்டு மிரளத் தேவையில்லை. மதிப்பீடு முடிந்து நூல் ஏற்கப்படுவதற்கும் மானியத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் மற்றொன்று, இப்பதிப்பகங்கள் துறைவாரியாகப் பட்டியல்களை வளர்க்கின்றன என்பது. ஒரு பதிப்பகம் மானுடவியலில் பெயர் பெற்றதாக இருக்கலாம், ஆனால் மொழியியலில் நூலே வெளியிடாமல் இருக்கலாம். அங்கே அனுப்பப்படும் சிறந்த மொழியியல் கையெழுத்துப் படி திரும்பி வந்தால் அதில் தரம் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. உங்கள் உட்துறையில் வலுவான பட்டியல் கொண்ட சிறிய பல்கலைக்கழகப் பதிப்பகம், அத்துறையைத் தொடாத புகழ்பெற்ற பதிப்பகத்தைவிட உங்கள் நூலை உரியவர்களிடம் நன்றாகக் கொண்டு சேர்க்கும்.

ஒரு துறையைத் தாண்டிப் பிற துறையினரும் படிக்கக்கூடிய வாதம் கொண்ட நூல், வகுப்பறையில் பாடநூலாக வைக்கத்தக்க நடையில் எழுதப்பட்ட நூல், நிலையான பணிக்கான மதிப்பீட்டை எதிர்நோக்கும் ஆசிரியரின் முதல் நூல் ஆகியவற்றுக்கு இவ்வழி பொருந்தும். ஆய்வேட்டை ஆய்வேடாகவே வெளியிட விரும்புவோருக்குப் பொருந்தாது. முறையியல் இயலையும் முன்னாய்வுகளின் நீண்ட தொகுப்பையும் வெட்டி எறிந்து நூலாக மறுபடி எழுதும் மனநிலை இருக்க வேண்டும்.

## வணிகக் கல்விப் பதிப்பகம்

ரௌட்லெட்ஜ், ஸ்பிரிங்கர் நேச்சர், அதன் கீழுள்ள பால்கிரேவ் மேக்மில்லன், புளூம்ஸ்பெரி, டி குரூய்ட்டர் பிரில் போன்றவை இவ்வகையில் வருகின்றன. இவற்றின் வலிமை வேகம். முன்மொழிவும் ஒன்றிரண்டு இயல்களும் மதிப்பீட்டாளர்களுக்குப் போகும். கருத்துகள் சாதகமாக வந்தால் நூல் முடிவதற்கு முன்பே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும். இறுதிப் படியைக் கொடுத்த ஓராண்டுக்குள் நூல் வெளிவருவது சாதாரணம். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான தலைப்புகளை வெளியிடும் நிறுவனங்கள் என்பதால், ஐம்பது பேருக்கு மேல் உலகில் யாரும் ஆராயாத பொருளானாலும் இடம் உண்டு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறுகிய துறைகளின் அறிவு அச்சில் நிலைப்பது இவற்றால்தான்.

ஒரே பதிப்பகத்துக்குள் தரம் ஏறி இறங்குவதும் அதே அளவினால்தான். நூல் வரிசை ஒன்றின் ஆசிரியராக இருப்பவர் துறையில் மதிக்கப்படுபவராகவும், கையெழுத்துப் படிகளை உண்மையாகவே படிப்பவராகவும் இருந்தால், அவ்வரிசை எந்தப் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கும் இளைத்ததாக இருக்காது. அதே பதிப்பகத்தின் வேறொரு வரிசையில் மேற்பார்வையே இல்லாமலும் போகலாம். எனவே பதிப்பகத்தின் பெயரைச் சொல்லி நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயன் குறைவு. வரிசையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

விலை இவ்வழியின் கண்ணுக்குத் தெரியும் செலவு. கெட்டி அட்டைப் பதிப்பு 100 டாலரைத் தாண்டுவது சாதாரணம். தனிமனிதர்கள் வாங்குவார்கள் என்று பதிப்பகமே எதிர்பார்ப்பதில்லை. நூலகங்களுக்கான மின்னூல் தொகுப்புகளே இவற்றின் முதன்மைச் சந்தை. சாதா அட்டைப் பதிப்பு வருமானால் ஒன்றரை ஆண்டு கழித்து வரும், அதற்கும் ஒப்பந்தத்தில் உறுதி இருப்பது அரிது. அத்தொகுப்புகளை வாங்கும் வசதியுள்ள பல்கலைக்கழகங்களில் உங்கள் வாசகர்கள் இருந்தால் விலை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அப்படியொரு நூலகம் இல்லாத வாசகருக்கு உங்கள் நூல் இல்லாததற்குச் சமம்.

கண்ணுக்குத் தெரியாதவை மூன்று. மொழித் திருத்தத்தையும் பக்க அமைப்பையும் வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் இங்கே பரவலாக உள்ளது; துறைச் சொற்களைத் திருத்துபவர் தவறாக மாற்றிவிடுவதும், மெய்ப்புக்குச் சில நாள் மட்டுமே தரப்படுவதும் நேரும் என்பதால் அப்பணியின் பாரம் ஆசிரியர் மேலேயே விழுகிறது.

இரண்டாவது, நிறுவனங்கள் கைமாறுவது. ஆஷ்கேட் பதிப்பகம் 2015-இல் ரௌட்லெட்ஜின் தாய் நிறுவனமான இன்ஃபார்மாவிடம் சென்றது, ஐ.பி. டாரிஸ் 2018-இல் புளூம்ஸ்பெரிக்குள் அடங்கியது. 1683 முதல் இயங்கிய பிரில் 2024-இல் டி குரூய்ட்டருடன் இணைந்தது. நீங்கள் நம்பிக் கொடுத்த பதிப்பாசிரியர் இடையில் இல்லாமல் போகலாம், நீங்கள் தேர்ந்த பட்டியலின் முகம் மாறலாம். ஒப்பந்தமோ புதிய உரிமையாளருக்கு அப்படியே செல்லும்.

மூன்றாவது, துணை உரிமங்கள், அதாவது நூலைப் பிறர் பயன்படுத்தப் பதிப்பகம் தரும் அனுமதிகள். தன் கல்வி உள்ளடக்கத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு மைக்ரோசாஃப்ட் பயன்படுத்த இன்ஃபார்மா 2024-இல் உடன்பாடு செய்தபோது, அந்தக் குழுமத்தின் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆசிரியர்களில் பலர் அதைச் செய்தி வழியாகவே அறிந்தனர். ஒப்பந்தத்தில் பரந்த துணை உரிமம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்ததால் தனியே கேட்கத் தேவையில்லை என்பது அத்தகைய விதிகளின் விளைவு. இதே காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் தன் ஆசிரியர்களிடம் விருப்பம் கேட்டு, சம்மதித்தவர்களின் நூல்களை மட்டும் சேர்க்கும் முறையை எடுத்தது. இரண்டில் எது சரி என்பதை ஆசிரியர் தாமே முடிவு செய்யலாம். ஆனால் முடிவு செய்யும் உரிமை கையெழுத்திடும் முன்புவரைதான் அவரிடம் இருக்கிறது.

பல ஆசிரியர்களின் கட்டுரைத் தொகுப்பு நூலுக்கும், குறுகிய வாசகர் வட்டம் கொண்ட நுட்பமான ஆய்வுக்கும், குறிப்பிட்ட தேதிக்குள் நூல் வெளிவந்தாக வேண்டியவருக்கும் இவ்வழியே நடைமுறைக்கு ஏற்றது. கட்டுரையைவிட நீண்டு, நூலைவிடக் குறுகி நிற்கும் ஆய்வுக்கும் இங்கே வடிவம் கிடைக்கும்: பால்கிரேவ் பிவட் வரிசை 25,000 முதல் 50,000 சொற்கள் கொண்ட படிகளை ஏற்கிறது, ஸ்பிரிங்கர் பிரீஃப்ஸ் 50 முதல் 125 பக்கங்கள். கேம்பிரிட்ஜ் எலிமென்ட்ஸ் 20,000 முதல் 30,000 சொற்களுக்கானது என்றாலும் அது பல்கலைக்கழகப் பதிப்பக வகையைச் சேர்ந்தது. ஆய்வேட்டில் ஒரே ஓர் இயல்தான் உண்மையில் புதியது என்றால், மற்ற ஐந்தையும் இழுத்து நீட்டி நூலாக்குவதைவிட இவ்வடிவம் நேர்மையானது.

## திறந்த அணுக்கம்

இப்பெயரின் கீழ் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவதில் ஆசிரியரோ அவருடைய நிறுவனமோ ஆய்வு நிதி வழங்குநரோ வெளியீட்டுக் கட்டணம் செலுத்த, நூல் இணையத்தில் இலவசமாகத் திறக்கப்படுகிறது. பெரிய வணிகப் பதிப்பகங்களில் முழுநூல் ஒன்றுக்கான இக்கட்டணம் பல ஆயிரம் டாலரில் இருக்கும். நிதி உதவி இல்லாத ஆய்வாளருக்குக் கதவு அடைத்தேயிருக்கிறது. இரண்டாவதில் ஆசிரியர் எதுவும் தருவதில்லை. எம்ஐடி பதிப்பகம் 2021-இல் அறிவித்த திட்டத்தில் நூலகங்கள் கூட்டாகப் பணம் தருகின்றன, இலக்கு எட்டப்பட்டால் அவ்வாண்டின் ஆய்வு நூல்கள் திறக்கப்படுகின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் யுசிஎல் பதிப்பகம் 2015 முதல் தன் ஆய்வு நூல்களை இலவசமாகத் தருகிறது. ஆய்வாளர்களே 2008-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஓப்பன் புக் பப்ளிஷர்ஸ், அச்சுப் படிகளை விற்றும் நூலக உறுப்பினர் கட்டணம் பெற்றும் இயங்குகிறது. ஆசிரியர் கட்டணம் கட்டாயமில்லை.

திறந்த அணுக்கம் என்றால் மதிப்பீடு தளர்வானது என்ற ஐயம் நிதானமாகப் பார்த்தால் நிற்காது. வாசகர் பணம் கொடுத்துப் படிக்கிறாரா இலவசமாகப் படிக்கிறாரா என்பதற்கும், வெளியிடும் முன் கையெழுத்துப் படியை யார் படித்தார்கள் என்பதற்கும் இயல்பான தொடர்பு ஏதுமில்லை. ஒரு பதிப்பகத்தின் மதிப்பீட்டு நடைமுறையை அறிய, 2012-இல் தொடங்கப்பட்ட திறந்த அணுக்க நூல்களின் பட்டியலான டிஓஏபி-யில் அது சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது முதற்படி. ஆயினும் மூத்த பேராசிரியர்கள் நிறைந்த தேர்வுக் குழு ஒன்றின் முன் இந்த ஐயம் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். அக்குழுவைச் சந்திக்கப் போகும் ஆய்வாளரிடம் அவர்கள் நினைப்பது தவறு என்று மட்டும் சொல்லி அனுப்புவது பயன் தராத அறிவுரை.

மறைமுகச் செலவுகளில் முதன்மையானது படங்களுக்கான அனுமதி. சில நூறு அச்சுப் படிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் படத்தைத் தரும் அருங்காட்சியகமும் புகைப்பட நிறுவனமும், உலகம் முழுதும் காலவரையின்றித் திறந்திருக்கும் மின்னூல் என்றதும் தயங்கும், கூடுதலாகக் கேட்கும், சில வேளை மறுத்தேவிடும். கலை வரலாறும் திரைப்பட ஆய்வும் இவ்வழியில் மெதுவாக நகர்வதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது, உரிமத் தேர்வு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற சிசி பை உரிமம், யாரும் மொழிபெயர்க்கவும் வணிக நோக்கில் மறுபதிப்பிடவும் இடம் தரும்; வணிகப் பயன்பாட்டையும் மாற்றங்களையும் விலக்கும் உரிமம், மொழிபெயர்ப்புக்குத் தனி அனுமதி வாங்கச் செய்யும். தம் ஆய்வைத் தாய்மொழியில் வேறொருவர் தாராளமாக மொழிபெயர்க்கட்டும் என்று விரும்புபவருக்கு முதலாவது நல்லது. நேர்காணல் தந்த எளிய மனிதர்களின் சொற்கள் நூலில் நிறைந்திருந்தால் இரண்டாவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சிலருக்குத் தேர்வே கிடையாது. பிரித்தானிய ஆய்வு நிதி அமைப்பான யுகேஆர்ஐ-யின் நிதியில் உருவான ஆய்வு நூல்கள், 2024 ஜனவரி 1 முதல், வெளியான 12 மாதங்களுக்குள் திறந்த அணுக்கத்தில் கிடைக்கச் செய்யப்பட வேண்டும் என்பது விதி. நிதி பெற்றவர் பதிப்பகத்தோடு பேச்சைத் தொடங்கும் முன்பே தம் நிதி வழங்குநரின் விதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆய்வின் பொருளான மக்களே அதைப் படிக்க வேண்டும் என்ற கடமை உள்ள நூல், விலையுயர்ந்த தரவுத்தளங்கள் இல்லாத நாடுகளிலும் கல்லூரிகளிலும் வாசகர்களைக் கொண்ட நூல், ஒலிப்பதிவையும் தரவுத் தொகுப்பையும் இணைத்து வாசிக்க வேண்டிய நூல் ஆகியவற்றுக்கு வேறு எவ்வழியும் இதற்கு ஈடாகாது. கட்டணம் வாங்காத பதிப்பகம் உங்கள் துறையில் இருந்து, நிலையான பணியும் உங்களுக்கு இருந்தால், மற்றவற்றை முயல்வதற்கு வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

## தேடி வரும் அழைப்பு

இதைப் பற்றி நீட்டிப் பேச அதிகமில்லை. ஆய்வேட்டின் தலைப்பைக் குறிப்பிட்டு, மதிப்பீடு பற்றி எதுவும் சொல்லாமல், சில வாரங்களில் நூல் தயார் என்று வாக்களிக்கும் மின்னஞ்சல்கள் ஏராளம். சிலர் பணம் கேட்பார்கள். பணம் கேட்காதவர்கள் உரிமையை எடுத்துக்கொண்டு, வாங்குவோர் கேட்கும்போது மட்டும் படியை அச்சிட்டு, உயர் விலையில் விற்பனைத் தளங்களில் பட்டியலிடுவார்கள். ஐஎஸ்பிஎன் எண் இருப்பதால் நூல் மதிப்பு பெற்றுவிடாது. எந்தப் பதிப்பாளரும் அதைப் பெறலாம்.

இங்கே ஏற்படும் உண்மையான இழப்பு பிறகுதான் தெரியும்: அதே ஆய்வை நல்ல பதிப்பகத்திடம் கொண்டுபோகும்போது, ஏற்கெனவே நூலாக வெளிவந்ததை ஏற்க இயலாது என்ற பதில் வரும். களஞ்சியத்தில் ஆய்வேடாக இருப்பது பெரும்பாலான பதிப்பகங்களுக்குத் தடையில்லை. அச்சமுள்ளவர்கள் அதைச் சில ஆண்டுகள் மூடி வைக்கலாம். அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 2013-இல் ஆறு ஆண்டுகள் வரை அப்படி மூடி வைக்க வாய்ப்பளிக்கும்படி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. விலைக்கு விற்கும் நூலாகிவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஐயமாக இருந்தால், திங்க் செக் சப்மிட் என்ற முயற்சி நூல்களுக்காகத் தந்திருக்கும் கேள்விப் பட்டியலைக் கொண்டு பதிப்பகத்தைச் சோதிக்கலாம்.

இவ்வழி பொருந்தும் சூழலும் ஒன்று உண்டு: கல்விப் பணியை நாடாத ஒருவர், உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கத் தம் ஆய்வை அச்சில் பார்க்க விரும்புகிறார் என்றால். அப்போதும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு தாமே அச்சிடுவது மலிவு.

## புதிய வெளியீடுகளின் பட்டியலைப் படிப்பது

பதிப்பகங்கள் தங்களைப் பற்றிச் சொல்வதைவிட, அவை அண்மையில் வெளியிட்ட நூல்களும் அவற்றின் ஆசிரியர்களும் கூடுதலாகச் சொல்வார்கள். உங்கள் துறையில் ஒரு பதிப்பகம் கடந்த மூன்று ஆண்டுகளில் வெளியிட்டவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களில் முதல் நூல் எழுதுபவர்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை என்றால் அங்கே உங்கள் முன்மொழிவுக்கு இடம் அரிது. எல்லோருமே அப்படித்தான், ஆய்வேட்டுத் தலைப்புகளோடு, என்றால் தேர்வு தளர்வாக இருக்கலாம். நன்றியுரையில் பதிப்பாசிரியரின் பெயரும், பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்களால் நூல் எப்படி மாறியது என்ற குறிப்பும் இருந்தால் நல்ல அறிகுறி. பதிப்பாசிரியரைப் பற்றி எவருமே பேசாத பட்டியல் யோசிக்க வைக்க வேண்டும்.

அதன் பிறகு சொல்லடைவைத் திறந்து பாருங்கள். வெறும் பெயர்களை மட்டும் அடுக்கிய சொல்லடைவு, ஆசிரியருக்கு நேரமும் பணமும் இல்லாத நேரத்தில் அவசரமாகச் செய்யப்பட்டதற்குச் சான்று. பல நாட்டு நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்டுகேட்டில் எத்தனை நூலகங்களில் அந்நூல் உள்ளது என்று பார்க்கலாம். உங்கள் துறை இதழ்களின் மதிப்புரைப் பகுதியில் அப்பதிப்பகத்தின் நூல்கள் வருகின்றனவா என்பதும் முக்கியம். மதிப்புரையே வராத நூலைத் துறை அறியாது.

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, அண்மையில் அங்கே வெளியிட்ட ஆசிரியர் ஒருவருக்குச் சுருக்கமாக எழுதிக் கேட்பது. மதிப்பீட்டுக்கு எத்தனை மாதம் ஆயிற்று, இடையில் பதிப்பாசிரியர் மாறினாரா, சொல்லடைவுக்கு யார் பணம் கொடுத்தார்கள், சாதா அட்டைப் பதிப்பு வந்ததா என்ற கேள்விகளுக்கு முன்பின் அறியாத ஆய்வாளர்கள்கூடப் பொறுமையாகவும், சில வேளை எதிர்பாராத நீளத்திலும், பதில் எழுதுவார்கள்.

## ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

எவ்வழியைத் தேர்ந்தாலும் உரிமை திரும்பும் விதியை முதலில் படிக்க வேண்டும். நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும் என்று எழுதியிருப்பார்கள். கேட்டவுடன் அச்சிடும் முறையும் மின்னூலும் வந்த பிறகு எந்த நூலும் அச்சில் இல்லாமல் போவதில்லை. ஆகவே அவ்விதி பொருளிழந்துவிட்டது. ஓராண்டில் இத்தனை படிகளுக்குக் குறைவாக விற்றால் திரும்பக் கேட்கலாம் என்று எண்ணிக்கையாக எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை. மொழிபெயர்ப்பு உரிமையை ஆசிரியரிடமே விட்டுவைக்கவோ, குறிப்பிட்ட மொழியை மட்டும் விலக்கவோ கேட்கலாம். வேறு மொழியில் எழுதிவிட்டுத் தமிழில் தாமே மீண்டும் எழுத நினைப்பவர்கள் இதைக் கேட்காமல் கையெழுத்திட்டால், தம் நூலுக்குத் தாமே அனுமதிக் கட்டணம் செலுத்த நேரிடும். அடுத்த நூலையும் தமக்கே முதலில் தர வேண்டும் என்ற விதியை நீக்கச் சொன்னால் பெரும்பாலும் தயங்காமல் நீக்குவார்கள். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு நூலைத் தருவது பற்றித் தனி வரி இருக்கிறதா, சொல்லடைவும் பட அனுமதிகளும் யார் செலவு என்பதையும் பார்த்துவிடுங்கள்.

## ஒரே நேரத்தில் பல இடங்களில் முயல்வது

முன்மொழிவை ஒரே நேரத்தில் மூன்று நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்புவதைப் பெரும்பாலான பதிப்பாசிரியர்கள் ஏற்கிறார்கள். அதைக் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும் என்பதே நெறி. முழுக் கையெழுத்துப் படியை மதிப்பீட்டுக்கு அனுப்பும் கட்டத்தில் வழக்கமாக ஒரே பதிப்பகம்தான். மதிப்பீட்டாளர்கள் தங்கள் நேரத்தைத் தருகிறார்கள் என்பதால் இது நியாயமானது.

வேலைச் சந்தையில் நிற்பவர், முதல் விருப்பமான பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கும் நல்ல வரிசை ஆசிரியர் உள்ள வணிகப் பதிப்பகத்துக்கும் முன்மொழிவைச் சேர்த்தே அனுப்பலாம். வணிகப் பதிப்பகத்தின் ஒப்பந்தம் முதலில் வரும், ஏறக்குறைய எப்போதும் அப்படித்தான். அந்த நாளிலேயே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒப்பந்தம் வந்திருப்பதை மற்ற பதிப்பாசிரியருக்குத் தெரிவித்து அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று கேளுங்கள். ஒப்பந்தம் தந்தவரிடம் விதிகளைப் படிக்க மூன்று வாரம் அவகாசம் கேளுங்கள். அந்த அவகாசத்தைத் தர மறுக்கும் பதிப்பகம், பிற்பாடு மெய்ப்புப் பார்ப்பதற்கும் போதிய நாள் தராது என்றே எடுத்துக்கொள்ளலாம்.